விருப்பமான வசனம் மட்டுமே வேதமாகிவிடாது

சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, கோவை, பாலக்காடு வழியாகப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் போய் முடிகிறது. அங்கே மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. 1968இல் நடந்த அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. நம் மண்ணுக்கு இவ்வளவு அருகில், வாரந்தோறும் தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களும் வரிசை மாறாமல் வாசிக்கப்பட்டுவந்த இடம் அது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் தோராச் சுருளைச் சபையில் திறந்து வாசிக்கலாம் என்பது அவர்களுடைய முறை. உள்ளூரில் இன்று அந்தப் பத்துப் பேர் இல்லை. வாசித்தவர்கள் போய்விட்ட அதே காலத்தில், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஜெபக்கூட்டங்கள் சிலவற்றில் யூத அடையாளங்கள் பெருகிவருகின்றன. ஷோஃபார் எனப்படும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்கள். ஜெபச் சால்வையைத் தோளில் போடுகிறார்கள். ஏழு கிளை விளக்கு மேடைக்கு வந்துவிட்டது. இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டும் யூத முறைமையை விடாத மெசியானிக் யூதர்களின் இயக்கம் 1960, 70களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. அதன் பாட்டும் கொம்பும் சால்வையும் உலகெங்கும் பரவின. ஆனால் அந்த இயக்கத்தின் உயிர் இருப்பது வேறோர் இடத்தில். அந்த வாரத்துக்குரிய தோராப் பகுதியையும் அதனோடு சேர்ந்த தீர்க்கதரிசன நூல் பகுதியையும் வாசித்து, அதன் வெளிச்சத்தில் நற்செய்தியைத் தியானித்து, அதன் பிறகே ஜெபத்துக்குப் போகிற ஒழுங்கில் இருக்கிறது. கொம்பை எடுத்துக்கொண்ட நாம் இந்த ஒழுங்கை அங்கேயே விட்டுவிட்டோம். கடவுளுக்கு முன்னால் பணிவைக் கற்றுத்தருவது இந்த ஒழுங்குதான் என்பது என் வாதம்.

இந்த வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து நூல்களிலும் சேர்த்து 187 அதிகாரங்கள். அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்து ஓர் ஆண்டில் வாசித்து முடிக்கிறார்கள். உபாகமத்தின் கடைசி வரி முடிந்த அன்றைக்கே ஆதியாகமத்தின் முதல் வரி தொடங்கிவிடும். சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. அதில் உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தக்குறிகள் கிடையாது, இசைக்குறிகளும் கிடையாது. அதனால் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் முன்கூட்டியே பயிற்சி செய்துகொண்டுதான் வர வேண்டும். சுருளை விரலால் தொடக் கூடாது. கை வடிவில் செய்த ஒரு குச்சியால் வரியைச் சுட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பார். ஒரு சொல் தவறினாலும் சபைக்கு முன்னாலேயே உரக்கத் திருத்துவார். வாசித்தவர் பின்னோக்கிப் போய் மறுபடி வாசிப்பார். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. லேவியராகமத்தின் முதல் சொல்லில் ஓர் எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் கைப்பிசகு அல்ல; தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்த மரபு. கடவுள் தன்னை அழைத்த பெருமையை எழுத வேண்டிய இடத்தில் மோசே தன்னைச் சிறிதாக்கிக்கொண்டார் என்று யூத உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். கடவுள் உயர்ந்த மலைகளையெல்லாம் விட்டுவிட்டுத் தாழ்ந்த சீனாய் மலையின் மேல் இறங்கினார் என்றும் யூத மரபு நூலான தால்மூத் சொல்கிறது. கோட்டையைச் சுமந்துகொண்டு சமவெளியில் ஓங்கி நிற்கும் மலையைத் தினமும் பார்க்கிற சங்ககிரிக்காரர்களுக்கு, உயரத்தை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்காத இந்தச் சிந்தனை புதிதாகத் தோன்றக்கூடும்.

இந்த முறையின் பலம், என்ன வாசிப்பது என்பதை வாசிப்பவர் தீர்மானிக்க முடியாது என்பதில் இருக்கிறது. இந்த வாரம் மனம் எதைக் கேட்க விரும்புகிறது என்று அது பார்ப்பதில்லை. வீட்டில் கல்யாணமாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம், தொழிலில் லாபமாக இருக்கலாம். முறைப்படி வந்த பகுதியைத்தான் கேட்க வேண்டும். நம் சபைகளின் பழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் ஓர் ஆசீர்வாத வசனம் இருக்கும். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம். லாரியின் முகப்பிலும் கடையின் பெயர்ப் பலகையிலும் எழுதுகிறோம். ஆண்டு முழுவதும் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஜெபிக்கிறோம். நம்பிக்கையோடு ஒரு வசனத்தைப் பற்றிக்கொள்வதில் தவறில்லை. கடன் தொல்லையிலும் நோயிலும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தவை அந்த அட்டைகள். ஆனால் உபாகமம் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நம்மைத் தலையாக்குவார் என்ற, எல்லோருக்கும் மனப்பாடமான அந்த வாக்கு இருக்கும் ஆசீர்வாதப் பகுதி முதல் 14 வசனங்களோடு முடிந்துவிடுகிறது. அதன் பின் வரும் 54 வசனங்கள் முழுக்க எச்சரிப்பும் சாபமும்தான். அந்த 54இல் எதுவும் அட்டையில் அச்சாவதில்லை. யூத ஜெப ஆலயத்தில் அந்த வாரம் வரும்போது வாசிப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பகுதியைக் கடப்பார். சாப வரிகளை வாசிக்கும்போது சுருளுக்கு முன்னால் வர அழைக்கப்படுவதைப் பலர் விரும்பாததால், வாசிப்பவரே அந்த அழைப்பை ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பயந்துகொண்டாவது வாசிக்கிறார்கள், விட்டுவிடுவதில்லை. ஆசீர்வாதத்தின் நிபந்தனையைக் கேட்காமல் ஆசீர்வாதத்தை மட்டும் உரிமையாகக் கேட்கும்போது, அது விண்ணப்பம் என்ற நிலையைத் தாண்டி நிலுவைத் தொகையை வசூலிக்கும் தொனிக்கு வந்துவிடுகிறது.

பணிவுக்கும் வளத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உபாகமம் 8ஆம் அதிகாரம் பேசுவது சங்ககிரி, நாமக்கல் சமவெளிக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. மழை குறைந்த மேட்டு நிலம் இது. இங்கே பிறந்தவர்கள் லாரி வாங்கி நாடெங்கும் ஓட்டினார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட இந்தியா தாண்டி ஆப்பிரிக்கா வரை போய் ஆழ்துளைக் கிணறு தோண்டின. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முட்டை கடல் கடந்தது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓய்வதில்லை. உழைத்துச் சேர்த்த வளம். அதைப் பாராட்டத்தான் வேண்டும். மோசே அந்த அதிகாரத்தில் உழைப்பைக் குறை சொல்லவில்லை. நல்ல வீடுகள் கட்டிக் குடியேறிய பிறகு, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகிய பிறகு, இவையெல்லாம் என் கைத்திறனால் வந்தவை என்று மனம் உள்ளுக்குள் சொல்லத் தொடங்கும் அந்த நேரத்தைத்தான் எச்சரிக்கிறார். வறண்ட நிலத்தில் நடத்தியதையும், அன்றன்றைக்கு மட்டும் மன்னா கொடுத்ததையும் அவர் நினைவூட்டுவது அதற்காகவே. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து எடுத்தவை என்பதை நற்செய்தி வாசிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். பசித்திருந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது எந்த ஆசீர்வாத வாக்கும் அல்ல. பணிவைப் பற்றிய அந்தப் பாடம்தான். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்த ஒருவருக்கே அது அவ்வளவு எளிதாக வரும்.

பணிவு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் எழ வேண்டிய ஓர் எதிர்ப்பு உண்டு. அது நியாயமான எதிர்ப்பு. காலங்காலமாக இங்கே பணிவு யாரிடம் கேட்கப்பட்டது? சேரியில் இருந்தவரிடமும், கூலிக்காரரிடமும், பெண்களிடமும். கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சபைகள் இந்த மாநிலத்தில் இருந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இன்னும் பணிந்து போங்கள் என்று பிரசங்கிப்பது அநீதிக்குத் துணைபோவதாகாதா? தோராவை அங்கங்கே கிள்ளி எடுத்தால் அப்படித்தான் ஆகும். முழுவதும் வாசித்தால் கதை மாறுகிறது, ஏனென்றால் அது பணிவைப் பலமுள்ளவரிடம்தான் கேட்கிறது. உபாகமம் 17இன்படி, அரசன் சிங்காசனத்தில் ஏறியதும் நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதிவைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும். தன் சகோதரர்களுக்கு மேலாக அவன் மனம் உயர்ந்துவிடக் கூடாது என்பதையும் காரணமாக அந்த நூலே சொல்கிறது. 24ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கப் போனால், கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது; வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் தானாக எடுத்துவந்து கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூலியை அன்றைக்கே, சூரியன் மறையும் முன்பு கொடுக்க வேண்டும். தவணை வசூலிக்க வந்தவர் பணம் வாங்காமல் நகரமாட்டேன் என்று வீட்டுத் திண்ணையிலும் நடுக்கூடத்திலும் உட்கார்ந்துகொள்ளும் காட்சி நுண்கடன் குழுக்கள் நிறைந்த நம் ஊர்களுக்குப் புதிதல்ல. முன்பணம் வாங்கிய விசைத்தறித் தொழிலாளி அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாத நிலையும் புதிதல்ல. கடன் கொடுத்தவனின் பணிவு ஏழையின் வாசலுக்கு வெளியே அளக்கப்படுகிறது என்று சொல்லும் இந்தப் பகுதி, ஆண்டுக்கு ஒரு முறையாவது பைனான்ஸ் நடத்தும் விசுவாசிகளும் பட்டறை முதலாளிகளும் உட்கார்ந்திருக்கும் சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். தங்களுக்குப் பிடித்த வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்பவர்களுக்கு இருக்கும்வரை இது அவர்கள் காதில் விழப்போவதில்லை. அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரும், பணிவு எல்லோருக்கும் நல்லது என்றாலும் செல்வருக்குத்தான் அது தனிச் சிறப்பு என்றே பேசுகிறார்.

பணிவு ஜெபமாக மாறும் இடம் எண்ணாகமம் 12ஆம் அதிகாரம். மோசேயின் அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவரைக் குறை பேசுகிறார்கள். கர்த்தர் அவர் மூலமாக மட்டுமா பேசினார், எங்கள் மூலமாகவும் பேசவில்லையா என்பது அவர்கள் குறை. அந்த இடத்தில்தான், பூமியில் உள்ள எல்லா மனிதரிலும் மோசே மிகவும் பணிவுள்ளவராயிருந்தார் என்ற குறிப்பு வருகிறது. அடுத்துக் கடவுள் தலையிடுகிறார். மிரியாமின் தோல் நோயால் வெளுத்துப்போகிறது. பழி சொன்னவளுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. மோசே செய்தது அவளுக்காகக் கூப்பிட்டதுதான். அந்த ஜெபம் எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள். தன் தரப்பு நியாயம் அதில் இல்லை, அவள் குற்றமும் இல்லை, அவள் குணமாக வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. தால்மூத்தில் ஒரு சம்பவம் உண்டு. ரபி எலியேசர் முன்னிலையில் ஒரு மாணவர் ஜெபத்தை மிக நீட்டிவிட்டார்; மற்றவர்கள் முறையிட்டார்கள். மோசே 40 நாள் விண்ணப்பம் செய்தாரே, அதைவிடவா நீளம் என்றார் ரபி. இன்னொரு மாணவர் மிகச் சுருக்கிவிட்டார், அதற்கும் முறையிட்டார்கள். மிரியாமுக்காக மோசே செய்ததைவிடவா சுருக்கம் என்றார். நீளத்தையும் சத்தத்தையும் வைத்து ஜெபத்தை எடைபோடும் பழக்கம் வேரூன்றிய இடங்களில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி வைத்து இரவு முழுக்கக் கூப்பிடுவதும் ஜெபம்தான், நம்மைக் குறை சொன்னவருக்காக ஐந்து சொல் கேட்பதும் ஜெபம்தான், இரண்டாவதுதான் கடினம். அதே அதிகாரத்தில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. பாளயத்துக்கு வெளியே ஏழு நாள் வைக்கப்பட்ட மிரியாம் திரும்பி வரும்வரை, மொத்த ஜனமும் பயணப்படாமல் காத்திருந்தது.

இங்கே இன்னொரு எதிர்ப்பு எழும். தோல் நோயாளியை வெளியே வை என்று சொன்ன அந்த நூல்தானே தொழுநோயாளிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்க ஆதாரமாயிற்று? லேவியராகமம் 13, 14ஐப் போய்ச் சபையில் வாசிக்க வேண்டுமா? வாசிக்க வேண்டும். வாசிக்காமல் விட்டதால்தான் தவறான அர்த்தம் வேரோடிவிட்டது. அந்த அதிகாரங்கள் சொல்லும் நோய் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும். ஆகவே இன்றைய மருத்துவம் தொழுநோய் என்று சொல்வதும் அதுவும் ஒன்றல்ல என்பதை நூலை முழுதாக வாசித்தவர் யாரும் கண்டுகொள்ளலாம். நோயாளி ஆசாரியனைத் தேடி ஊருக்குள் வர முடியாது. ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது 14ஆம் அதிகாரத்தின் கட்டளை. சபையில் உயர்ந்த இடத்தில் இருப்பவர், ஒதுக்கப்பட்டவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இதை வாழ்ந்து காட்டியவர்கள் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இருந்தார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி, மலேரியாவுக்குப் பயந்து சமவெளியார் ஏறத் தயங்கிய காலத்தில் அந்த மலையில் குடியேறினார்கள். அந்தக் காய்ச்சலே முற்றி 1929இல் ஜெசி இறந்தார். ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகும் ஈவ்லின் மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். கடைசி ஆண்டுகளில் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974இல், 95ஆம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்ததால் பட்ட காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று உலகுக்கு எடுத்துக்காட்டினார். தோல் நோயாளியைப் பற்றிய வேதப் பகுதியைச் சரியாக வாசித்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

நியாயப்பிரமாணத்தின் கீழ் நாம் இல்லை, கிருபையின் கீழ் இருக்கிறோம், பிறகெதற்கு லேவியராகமம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்போஸ்தலன் பவுலின் இந்த வாதத்தை யாரும் மறுக்கவில்லை. பன்றி இறைச்சியை விலக்குவதும் விருத்தசேதனம் செய்வதும் வேறு. கடவுள் பேசியதாக நாம் நம்பும் நூலை முழுதாகக் காதால் கேட்பது வேறு. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன் சபைக்கும் ஞாயிறு வாசக அட்டவணை ஏற்கெனவே இருக்கிறதே என்பது இன்னும் வலுவான கேள்வி. இருப்பது நல்லது. போதகர் தனக்குப் பிடித்ததையே பேசாமல் காப்பது அந்த அட்டவணைதான். ஆனால் ஐந்து நூல்களிலிருந்து அதில் இடம்பெறுபவை தேர்ந்தெடுத்த துண்டுகள். அட்டவணையே இல்லாத சுயாதீன சபைகளிலோ, எதைப் பேசுவது என்பது ஒருவரின் விருப்பத்தில் இருக்கிறது. வரிசையாகக் கேட்பது நமக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிக்கிறார்கள். மார்கழியில் திருமால் கோயில்களில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முறைப்படி சேவிக்கப்படுகிறது. அங்கே யாரும் எனக்கு வேண்டிய பாசுரம் மட்டும் போதும் என்று சொல்வதில்லை.

யூதர்களிடமிருந்து இதை எடுத்துக்கொள்வது அவர்கள் உடைமையை அபகரிப்பதாகாதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ ஐரோப்பா யூதர்களுக்குச் செய்த கொடுமைகளுக்குப் பிறகு, அவர்களுடைய புனிதப் பொருள்களைப் பிறர் மேடை அலங்காரமாக்குவது வருத்தம் தரும் காரியம். கொம்பும் சால்வையும் அவர்களுடையவை. அவற்றுக்குரிய நாளும் கடமையும் அவர்களுக்கே உண்டு. அவற்றை விட்டுவிடலாம் என்பதே என் முடிவு. கேட்கும் பழக்கம் அப்படியல்ல. அது இயேசுவும் அவருடைய சீடர்களும் வளர்ந்த பழக்கம். மோசே ஓய்வுநாள்தோறும் வாசிக்கப்படுகிறார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரமே குறிப்பிடுகிறது. அதைக் கற்றுக்கொள்ளும்போது நாம் யூதராவதாகப் பாவனை செய்ய வேண்டியதில்லை. அவர்களிடம் மாணவராக இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

சங்ககிரியிலும் எடப்பாடியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் உள்ள சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாக்குத்தத்த அட்டையை நிறுத்த வேண்டாம். அதோடு, வரும் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, வாரத்துக்கு மூன்று நான்கு அதிகாரங்களாக வாசிக்கத் தொடங்குங்கள். ஞாயிறு ஆராதனையில் நேரம் இல்லையென்றால் வாரநாள் ஜெபக்கூட்டத்தில் வாசிக்கலாம். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் வாசிக்கட்டும். பெண்களும் வாலிபர்களும் கூலிவேலைக்குப் போகிறவர்களும் வாசிக்கட்டும். தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் திருத்தட்டும். வாசித்து முடித்த பிறகு ஜெபியுங்கள். லேவியராகமம் வரும்போது மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள்.